சேற்றுமூக்கா என்று கூப்பிட்ட செம்போத்து

ஒரு காட்டில் ஒரு வால்காக்கை இருந்தது. அதற்குச் செம்போத்தைக் கண்டாலே வயிறு எரியும்.

இத்தனைக்கும் செம்போத்து அதற்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அழகிலும் அது மேலானது இல்லை. அதற்கு ஒழுங்காகப் பறக்கக்கூடத் தெரியாது. கிளைக்குக் கிளை தத்தித் தத்தித்தான் போகும். குரலோ, பானைக்குள் தலையை விட்டு இருமுவதுபோல இருக்கும். "ஊப்! ஊப்! ஊப்!"

வால்காக்கைக்கு நீண்ட வால். மணி அடித்தது போன்ற குரல். ஆனாலும் காட்டில் எல்லோரும் தலையசைத்தது செம்போத்துக்குத்தான்.

காரணம் இதுதான். கோடையில் அந்தக் காட்டின் ஆறு வற்றிவிடும். மருத மரத்தின் அடியில் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சும். எல்லோரும் ஒன்றாக இறங்கினால் தண்ணீர் சேறாகிவிடும். யாருக்கும் ஒரு வாய்கூடத் தேறாது. அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தண்ணீரைக் கலக்காதவர்கள் முதலில் குடிக்க வேண்டும், கலக்குகிறவர்கள் கடைசியில். முயல்கள், கீரிகள், முள்ளம்பன்றிகள், மான்கள், அப்புறம் காட்டுப்பன்றிகள், எல்லோருக்கும் பிறகு காட்டெருமைகள். விடிந்ததும் மருத மரத்தின் பட்ட கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு கூட்டத்தையும் முறைப்படி கூப்பிட ஒருவர் வேண்டும். இருபது கோடையாக அந்த வேலையைச் செம்போத்து பார்த்தது.

அதற்குக் கூலி கிடையாது. குடித்துவிட்டுப் போகிறவர்கள் கிளையை அண்ணாந்து பார்த்து ஒரு தலையசைப்பு. "வர்றேன் பெரியப்பா!" "தூங்குனீங்களா பெரியப்பா?" அவ்வளவுதான். ஆனால் துணைப்பறவை செத்துப்போன பிறகு செம்போத்துக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. ஒரு நாளில் அது பேசுவதும் கேட்பதும் அந்தக் காலை வேளையில்தான். மற்ற நேரமெல்லாம் புதருக்குள் நத்தை தேடிக்கொண்டு தனியாக நடக்கும். அந்தக் கிளை போனால் அதற்கு எல்லாம் போன மாதிரி.

வால்காக்கைக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தலையசைப்புதான். எதிரே இருந்த புங்க மரத்தில் உட்கார்ந்து தினமும் பார்க்கும். மான்கள் தலையசைத்தால் நெஞ்சில் ஒரு குத்து. முயல்கள் காதை ஆட்டினால் இன்னொரு குத்து. "இந்த இருமலுக்கு இவ்வளவு மரியாதையா!" என்று அலகால் மரப்பட்டையைக் கிழித்துப் போடும். அந்தப் புங்க மரத்தில் ஒரு பக்கம் பட்டையே இல்லாமல் போயிருந்தது.

செம்போத்து கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் பழைய பெயர்கள். அதற்கு முன்னால் அந்தக் கிளையில் இருந்தவர்கள் கூப்பிட்டதை அதுவும் அப்படியே கூப்பிட்டது.

"நடுங்கி, வா!" என்றால் முயல்கள் இறங்கும். "திருட்டுக்காலா, வா!" என்றால் கீரிகள். "ஊசிமூட்டை, வா!" என்றால் முள்ளம்பன்றிகள். "சேற்றுமூக்கா, வா!" என்றால் காட்டுப்பன்றிகள். "மலைத்தோளா, வா!" என்றால் காட்டெருமைகள். யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள்.

அந்த வருஷம் பனிக்காலத்தில் தெற்குக் காட்டிலிருந்து மந்திக் கூட்டம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருந்தது. கோடை தொடங்கி முதல் நாள் அழைப்பைக் கேட்டதும் மந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"சேற்றுமூக்கனாம்! கேட்டியாடா?"

"கேட்டேன், கேட்டேன்! அந்த மூக்கைப் பாரு, சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க!"

"அந்தப் பக்கம் நடுங்கி போகுது பாரு! ஏய், இலை விழுந்திடுச்சு, ஓடு ஓடு!"

அன்று தன் முதல் குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி வந்திருந்தது. அந்தப் பெயரை அது பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறது. ஆனால் அன்றுதான் அது முதல் தடவையாகச் சுருக்கென்று தைத்தது. குட்டிகள் ஒன்றன் மூக்கை ஒன்று பார்த்துக்கொண்டன. தாய்ப்பன்றி மூக்கை நனைக்காமல் நாக்கு நுனியால் நாலு தடவை நக்கிவிட்டுத் திரும்பி நடந்தது. தலையசைக்கவில்லை.

செம்போத்து அதைக் கவனிக்கவில்லை; அது அடுத்து காட்டெருமைகளைக் கூப்பிட மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

வால்காக்கை கவனித்தது. இருபது கோடையில் முதல் முறையாக ஒரு தலையசைப்பு குறைந்திருக்கிறது! அது சிறகு விரித்துத் தாய்ப்பன்றியின் பின்னாலேயே போனது.

"என்னம்மா, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லை."

"எனக்குத் தெரியும். அந்தப் பேரு."

தாய்ப்பன்றி நின்றது. "முன்னால எல்லாம் ஒண்ணும் தோணினதில்லை. இன்னைக்கு என்னவோ கேட்கவே கஷ்டமா இருக்கு. என் பிள்ளைங்க முன்னால..." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறியது. "நாளைக்குக் காலையில பெரியப்பாகிட்ட சொல்லிடலாம்னு பார்க்கிறேன். அவர் நல்லவர். சொன்னா மாத்திக்குவார்."

வால்காக்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னால் செம்போத்து மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொண்டால் இன்னும் நல்ல பெயர் வாங்கும். இன்னும் ஆழமாகத் தலையசைப்பார்கள்!

"ஐயோ, சொல்லாதேம்மா!" என்றது அவசரமாக. "அவருக்குத் தெரியாமலா கூப்பிடறார்? தெரிஞ்சேதான்! நீ போய்ச் சொன்னா, 'உனக்கு இதுகூடவா வலிக்குது'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்பார். மந்திங்க இன்னும் சிரிக்கும். நீ பொறு. நான் பார்த்துக்கிறேன்."

தாய்ப்பன்றி பொறுத்தது. ஒரு நாள் பொறுத்தது புண்ணானது. பத்து நாள் பொறுத்தது சீழ் பிடித்தது. தினமும் "சேற்றுமூக்கா, வா!" என்ற குரல் கேட்கும்போது அதற்கு ரோமம் சிலிர்த்தது. தினமும் வால்காக்கை வந்து, "இன்னைக்குக் கேட்டியா? கொஞ்சம் அழுத்தியே சொன்னார்!" என்று ஊதிவிட்டுப் போனது.

அடுத்து அது முயல்களிடம் போனது.

"உங்களை நடுங்கின்னு கூப்பிடறாரே, கோழைன்னு அர்த்தம். தெரியுமா?"

"மந்திங்க சிரிக்கறப்ப கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு," என்றது ஒரு முயல். "ஆனா பழகிப்போச்சு."

"பழகிப்போச்சுன்னு சொல்றீங்களே, அதுதான் பெரிய அவமானம்!"

முயல்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கீரிகளிடம் ரொம்பப் பேச வேண்டியிருக்கவில்லை. "திருட்டுக்காலா" என்று வால்காக்கை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிக் காட்டியதுமே அவை பல்லைக் கடித்தன.

முள்ளம்பன்றியிடம்தான் அதன் வேலை நடக்கவில்லை.

"ஊசிமூட்டையா? எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி!" என்று கிழட்டு முள்ளம்பன்றி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "என் பெண்டாட்டி என்னை அப்படித்தான் கூப்பிடறா."

"உனக்குச் சுரணையே இல்லையா?"

"இருக்கே! முதுகு பூரா இருக்கு. தொட்டுப் பாரேன்!"

வால்காக்கை தொட்டுப் பார்க்கவில்லை.

காட்டெருமைக் கன்றுகளிடமும் ஒன்றும் நடக்கவில்லை. அவை வேறொரு குறையோடு இருந்தன. "மலைத்தோளாவாம்! எந்தக் காலத்துப் பேரு அது! எங்களை முரடான்னு கூப்பிடச் சொல்லுங்க. நாங்க எங்களுக்குள்ள அப்படித்தான் கூப்பிட்டுக்கிறோம்!" ஒருநாள் இதைச் செம்போத்திடமே கேட்டுவிட்டன. செம்போத்து பதறி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வாயைக் கழுவுங்கடா! உங்க பாட்டன் காலத்துல அந்த ஒரு சொல்லுக்காக ரெண்டு பேருக்குக் கொம்பு உடைஞ்சிருக்கு. என் வாயால அதைச் சொல்ல மாட்டேன்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றுகள் சிரித்துக்கொண்டே ஓடின.

சித்திரை மாதம் முடியும்போது வால்காக்கை எல்லோரையும் மடுக்கரையில் கூட்டியது. பெரிய காட்டெருமை நடுவில் நின்றது. வழக்குக் கேட்பது அதன் முறை.

"ஐயா!" என்றது வால்காக்கை. மணிக்குரல் மடு முழுக்க ஒலித்தது. "இருபது கோடையா இந்தக் கிளையில இருந்து நம்மை எல்லாம் ஒருத்தர் ஏசிக்கிட்டிருக்கார். தினமும்! விடிஞ்சதும்! தாகத்தோட வர்றவங்களை! முயலைக் கோழைன்னார். கீரியைத் திருடன்னார். பன்றியை... அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாய் இங்கேயே இருக்கு. அதன் கண்ணைப் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். தாய்ப்பன்றி தலைகுனிந்தது.

செம்போத்துக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு அதன் சிவந்த கண்கள் இன்னும் சிவந்தன. "ஏசினேனா? நானா? அந்தப் பேருங்க வந்த கதை இருக்கே, அந்தக் காலத்துல பெரிய பஞ்சம் வந்தப்ப..."

"கதை வேண்டாம்!" என்று வால்காக்கை கத்தியது. "அன்னைக்கு என்ன அர்த்தமோ யாருக்கு வேணும்? இன்னைக்கு எப்படிக் கேட்குது? அதுதானே அளவு?"

"அதுவும் சரிதானே!" என்றன கீரிகள்.

செம்போத்து கிளையிலிருந்து தத்தித் தத்திக் கீழே இறங்கியது. தாய்ப்பன்றியின் எதிரே வந்து நின்றது. "உனக்கு வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது பெரியப்பா."

"எத்தனை நாளா?"

"மந்திங்க சிரிச்சதிலேருந்து."

"அப்ப ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"பேச்சை மாத்தாதீங்க!" என்று வால்காக்கை நடுவில் பாய்ந்தது. "ஐயா, ஒரு சட்டம் போடுங்க. இன்னைக்கு ஒருத்தரைப் புண்படுத்தற சொல்லை, எந்தக் காலத்துல, எந்த நினைப்புல சொல்லியிருந்தாலும் சரி, சொன்ன வாய் அந்தக் கிளையில உட்காரக் கூடாது!"

பெரிய காட்டெருமை வாலை ஆட்டியபடி நெடுநேரம் யோசித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் தாகம். வலித்தது என்று தாய்ப்பன்றியே சொல்லிவிட்டது. "சரி, அப்படியே ஆகட்டும்," என்றது.

செம்போத்து, "வலிச்சிருந்தா தப்புத்தான்," என்று மட்டும் சொன்னது. பறக்கவும் தோன்றாமல் நடந்தே புதருக்குள் போனது.

மறுநாள் பட்ட கிளையில் வால்காக்கை உட்கார்ந்தது. ஓர் இரவு முழுக்கக் கண்விழித்துப் புதுப் பெயர்கள் கட்டி வைத்திருந்தது.

"அமைதியின் செல்வங்களே, வருக!" முயல்கள் காதை நிமிர்த்திக்கொண்டு வந்தன. அடடா!

"மென்னடைப் பெருமக்களே, வருக!" கீரிகள் மெல்ல மெல்ல நடந்து வந்தன.

"வேலேந்திய வீரத்திருமக்களே, வருக!"

யாரும் வரவில்லை.

"வேலேந்திய வீரத்திருமக்களே!"

"ஏம்பா, அது யாரு?" என்றது கிழட்டு முள்ளம்பன்றி புதருக்குள்ளிருந்து. "சீக்கிரம் கூப்பிட்டு முடி. அடுத்தது நாங்க!"

பிறகு தாய்ப்பன்றியின் முறை வந்தது. "மண்ணின் மன்னர்களே, வருக!" தாய்ப்பன்றி தலை நிமிர்ந்து வந்தது. குட்டிகள் துள்ளிக்கொண்டு வந்தன. அன்று அது மூக்கை முழுக்க நனைத்துக் குடித்தது.

வால்காக்கை கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. இதோ, இப்போது தலையசைப்பார்கள்.

குடித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். கிளையில் வால்காக்கை இருப்பதைக் கண்டதும் ஏதோ மறந்ததுபோல ஒரு கணம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள். இரண்டு முயல்கள் மட்டும் போகிற வழியில் செம்போத்தின் புதர்ப்பக்கம் ஒதுங்கிக் காதை ஆட்டின. வால்காக்கை அதைப் பார்த்துவிட்டது.

கிளை கிடைத்தது, தலையசைப்பு கிடைக்கவில்லை. அதன் வயிற்றெரிச்சல் முன்பைவிட அதிகமாயிற்று. கூப்பிடும்போதுகூட அதன் ஒரு கண் புதர்மேலேயே இருந்தது. "இன்னைக்கு யார் போறாங்க? மான் போகுதா? போ போ, அந்தக் கிழட்டு இருமலைக் கேட்டுட்டு வா!" இப்போது அதன் அலகில் மருத மரத்தின் பட்டையும் கிழியத் தொடங்கியது.

இரண்டு கோடை போனது. மந்திகள் சும்மா இருக்குமா? புதுப் பெயர்கள் அவற்றுக்கு விருந்தாகக் கிடைத்தன.

ஒரு பன்றி சேற்றில் வழுக்கி விழுந்தால், "ஆகா, மண்ணின் மன்னர் மண்ணை முத்தமிடுறார்!" என்று கூவின. முயல் பயந்து ஓடினால், "அமைதியின் செல்வம் ஓடுது பிடி!" என்றன. யாராவது எதையாவது களவாடினால், "அவன் சரியான மென்னடைப் பெருமகன்டா!" என்றன. குட்டிகள் சண்டை போடும்போதுகூட, "போடா மண்ணின் மன்னா!" என்று திட்டிக்கொண்டன. மந்திகளின் கேலியைக் கேட்டு முதலில் கிளையில் இருந்து சிரித்தது யார் தெரியுமா? வால்காக்கைதான். தலையசைக்காமல் போகிறவர்களைப் பற்றி யாராவது சிரித்தால் அதற்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

மூன்றாவது கோடை வந்தபோது அந்தப் பெயர்கள் பழைய பெயர்களைவிடக் கேவலமாகிவிட்டன. பழைய பெயர் ஒரு முள் என்றால் புதுப் பெயர், பூச்சுற்றிய முள். வலிக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால், "மன்னர்னுதானே சொன்னோம்!" என்று மந்திகள் கண்ணை உருட்டின.

ஒருநாள் காலை வால்காக்கை, "மண்ணின் மன்னர்களே, வருக!" என்றதும் பெரிய ஆண் பன்றி ஒன்று பாய்ந்து வந்து மருத மரத்தைக் கோரைப்பல்லால் இடித்தது. பட்ட கிளை ஆடியது.

"இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொல்லு பார்க்கலாம்!"

"என்னப்பா, புகழ்ந்துதானே..."

"யாரைப் புகழ்ந்தே? கூட்டுங்க எல்லாரையும்!"

மறுபடி எல்லோரும் மடுக்கரையில் கூடினார்கள். மறுபடி பெரிய காட்டெருமை நடுவில் நின்றது. பன்றிகள் சொல்லின, முயல்கள் சொல்லின, கீரிகள் சொல்லின: இந்தப் பெயர்கள் எங்களைப் புண்படுத்துகின்றன!

"ஐயா!" என்று வால்காக்கை இறக்கையை அடித்துக்கொண்டது. "நான் சொன்ன அன்னைக்கு அது புகழ்ச்சி! கேட்டு எல்லாரும் பூரிச்சீங்களே! மந்திங்க கெடுத்ததுக்கு நான் என்ன செய்வேன்? அந்தப் பேருங்க வந்த கதையைக் கொஞ்சம்..."

பெரிய காட்டெருமை மெல்ல அசைபோட்டது. "கதை வேண்டாம்னு இங்கே ஒருத்தர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னைக்கு எப்படிக் கேட்குதோ அதுதான் அளவுன்னும் சொன்னார். சட்டமும் அவர் கேட்டு நான் போட்டதுதான்."

வால்காக்கை சுற்றிலும் பார்த்தது. "நான் நல்ல நினைப்புலதான் சொன்னேன்னு சாட்சி சொல்ல ஒருத்தர்கூடவா இல்லை?"

பன்றிகளும் கீரிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அப்போது புதர் அசைந்தது. தத்தித் தத்திச் செம்போத்து வெளியே வந்தது. இரண்டு கோடையில் அது மெலிந்திருந்தது. பேசாமலே கிடந்த தொண்டை. முதல் சொல் வர நேரமாயிற்று.

"நான் சாட்சி," என்றது.

"நீங்களா பெரியப்பா?" என்றன முயல்கள்.

"நான்தான். அவன் முதல் நாள் கூப்பிட்டதைப் புதருக்குள்ள இருந்து கேட்டேன். அன்னைக்கு அந்தச் சொல்லுங்க தேன் மாதிரி இருந்துச்சு. இதெல்லாம் நமக்குத் தோணலையேன்னு எனக்கு..." செம்போத்து வெட்கத்தோடு தரையைக் கீறியது. "எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எப்பேர்ப்பட்ட குரல்! எவ்வளவு அழகான பேருங்க! ரெண்டு நாள் நத்தைகூட இறங்கலை."

வால்காக்கை வாயைப் பிளந்தது. எந்தப் பறவையைப் பார்த்து அது வருஷக்கணக்காக மரப்பட்டையைக் கிழித்ததோ, அந்தப் பறவை தன்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறது! இது தெரியாமல் போயிற்றே!

செம்போத்து பெரிய காட்டெருமையைப் பார்த்தது. "அதனால இவனைத் தண்டிக்காதீங்க ஐயா. சொன்ன நாளுக்கு அந்தச் சொல் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டுப்போனதை இவனுக்கு யாரும் சொல்லலை. எனக்கும் யாரும் சொல்லலை. அவ்வளவுதான்."

தாய்ப்பன்றிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முன்னால் வந்தது. "பெரியப்பா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன். முதல் நாளே! உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு இருந்தேன். இந்த வால்காக்கைதான் 'சொல்லாதே, பொறு'ன்னுச்சு. நீங்க தெரிஞ்சே கூப்பிடறதாச் சொல்லுச்சு. தினமும் வந்து சொல்லுச்சு."

மந்திகள்கூடச் சிரிக்கவில்லை.

பெரிய காட்டெருமையின் கண் சிறுத்தது. "ஏன் அப்படிச் செஞ்சே?"

வால்காக்கை அலகைத் தாழ்த்தியது. பிறகு மணிக்குரல் உடைந்து வந்தது. "எல்லாரும் அவருக்கே தலையசைச்சீங்க."

"உன் பேருங்களை நான் குத்தம் சொல்லலை," என்றது பெரிய காட்டெருமை. "அந்தச் சட்டத்தையும் இன்னையோட எடுத்துட்டேன், அதைப் போட்ட தப்பு என்னோடது. ஆனா வலிச்சவளோட வாயை மூடி, அந்த வலியை உன் வேலைக்குச் சேர்த்து வெச்சியே, அதுக்காகக் கிளையை விட்டு இறங்கு!"

வால்காக்கை இறங்கியது. புங்க மரத்துக்குப் போய் உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் செம்போத்து நேரே கிளைக்குப் போகவில்லை. ஒவ்வொரு கூட்டமாக நடந்து போய் நின்றது. "இந்தக் கோடைக்கு உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"முயல்னே கூப்பிடுங்க பெரியப்பா, அது போதும்," என்றன முயல்கள்.

கீரிகள் கூடிக் கூடிப் பேசிவிட்டு, "நாளைக்குச் சொல்றோம்," என்றன.

"ஊசிமூட்டைதான்!" என்றது கிழட்டு முள்ளம்பன்றி. "வேற எப்படிக் கூப்பிட்டாலும் வர மாட்டேன். செத்தாலும் வர மாட்டேன்!"

தாய்ப்பன்றியிடம் வந்ததும் செம்போத்து தயங்கியது. "கேட்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லட்டுமாம்மா? அன்னைக்குச் சொல்ல விடலை. என் தாத்தா காலத்துல மூணு வருஷம் மழை இல்லை. இந்த மடுவும் வத்திப்போச்சு. உங்க கூட்டத்துப் பாட்டி ஒருத்தி, இதே இடத்துல, காய்ஞ்ச சேத்தை ஏழு நாள் மூக்காலயே தோண்டினா. மூக்கு கிழிஞ்சு ரத்தம். ஏழாம் நாள் ஊத்து கிளம்பிச்சு. மொத்தக் காடும் பிழைச்சுது. அன்னைக்கு வெச்ச பேரும்மா அது. அதைவிடப் பெரிய பட்டம் அப்ப இந்தக் காட்டுல இல்லை."

தாய்ப்பன்றி தன் குட்டிகளின் மூக்குகளைப் பார்த்தது.

"கதை ரொம்ப நல்லா இருக்கு பெரியப்பா. என் பிள்ளைங்களுக்குச் சொல்வேன்," என்றது. "ஆனாலும் அந்தப் பேரு வேண்டாம். சிரிப்பு அதுல ஒட்டிக்கிச்சு. கழுவினா போகாது. ஊத்துக்காரின்னு கூப்பிடுங்க."

"ஊத்துக்காரி," என்று செம்போத்து ஒரு முறை சொல்லிப் பார்த்தது. "நல்லா இருக்கு. வாய்க்கும் வருது."

கடைசியில் காட்டெருமைக் கன்றுகள் வரிசையாக நின்றன. கண்கள் மின்னின. "பெரியப்பா, நாங்க?"

"வேண்டாம்டா."

"கேட்டீங்கல்ல! கேட்டா கூப்பிடணும்ல!"

செம்போத்து கிளையில் ஏறி, மற்றவர்களை முறைப்படி கூப்பிட்டது. கடைசியில் கன்றுகளின் முறை வந்தது. பெரிய காட்டெருமை என்ன சொல்லுமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில், "முரடா, வா," என்றது. கன்றுகள் காடே அதிரக் குதித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கின. பெரிய காட்டெருமை தலையை ஆட்டியபடி, "காலம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு அவற்றின் பின்னால் இறங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் முதல் நாள் கேட்ட பிறகே கூப்பிடுவது என்று வழக்கமாயிற்று.

எல்லோரும் குடித்துப் போன பிறகு, கலங்கின தண்ணீர் தெளிந்து வரும் நேரத்தில், செம்போத்து எதிர் மரத்தைப் பார்த்தது. அங்கே வால்காக்கை அலகு காய்ந்து உட்கார்ந்திருந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று அதையும் கேட்டிருக்க வேண்டும், மறந்துபோயிற்று. செம்போத்து மூச்சை நன்றாக இழுத்து, மனசாரக் கூப்பிட்டது:

"மணிக்குரலா, வா!"

வால்காக்கை நிமிர்ந்தது. ஒரு கால் எடுத்து வைத்தது. பிறகு நின்றது. அது பாராட்டா? கேலியா? தன் குரல் உடைந்ததைச் சொல்லிக் காட்டுகிறதா? செம்போத்தின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தது. அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதையும் அதனால் நம்ப முடியவில்லை.

"வா, தண்ணி தெளிஞ்சிடுச்சு!" என்று செம்போத்து மறுபடி கூப்பிட்டது.

வெயில் ஏறியது. வால்காக்கை யோசித்துக்கொண்டே, தாகத்தோடு, அந்தப் பட்டை உரிந்த மரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சொற்கள் காலத்தோடு மாறும், அதனால் வலித்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருத்திக்கொள்ள வேண்டும். பிறர் வலியைத் தன் பொறாமைக்கு ஆயுதமாக்கியவருக்கோ, பிறகு நல்ல சொல்லும் ஏச்சாகவே கேட்கும்.